காட்டுக்கு ஒரு ஜாதகம்

நீங்கள் உதகமண்டலத்துக்குப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் ஏரியில் படகு விட்டதையும், தாவரத் தோட்டத்தில் குழந்தைகளைத் தொலைத்துவிட்டுத் தேடியதையும், தொட்டபெட்டாவில் பற்கள் கிட்டக் கிட்டக் காப்பி குடித்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் ஊர்க் கூட்டத்தைத் தாண்டி அவலாஞ்சிப் பக்கமோ, மேல்பவானிப் பக்கமோ போனவர்கள் இன்னொரு காட்சியையும் பார்த்திருப்பார்கள். மலைச் சரிவெல்லாம் பட்டுக் கம்பளம் விரித்தாற்போல் புல். இரண்டு சரிவுகள் சேரும் மடிப்புகளில் மட்டும் கரும்பச்சையாக, அடர்த்தியாக, குட்டையான மரங்களின் கூட்டம். அதைத்தான் சோலை என்கிறார்கள்.

இந்தப் புல்லுக்கும் அந்தச் சோலைக்கும் நடுவே உள்ள எல்லையைக் கவனித்தீர்களா? யாரோ கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டி வைத்தாற்போல் அவ்வளவு துல்லியமாக இருக்கும். இந்தப் பக்கம் ஓர் அடி வைத்தால் வெயில். அந்தப் பக்கம் ஓர் அடி வைத்தால் இருட்டும் ஈரமும் பாசியும். மரங்கள் விதை போடாமலா இருக்கின்றன? போடுகின்றன. பறவைகள் கொண்டுபோய்ப் புல்லில் தூவாமலா இருக்கின்றன? தூவுகின்றன. அப்படியிருந்தும் மரம் ஏன் மடிப்பைத் தாண்டி மேலே ஏறவில்லை?

பல காரணங்கள் சொல்கிறார்கள். தீ ஒன்று, மண்ணின் ஆழம் ஒன்று. முக்கியமான காரணம், மார்கழி, தை மாதங்களில் இரவில் இறங்கும் உறைபனி. சோலைக்குள் மரங்களே ஒன்றுக்கொன்று கம்பளி போர்த்திக் கொண்டிருக்கின்றன. தரையின் உஷ்ணம் இலைக் கூரையைத் தாண்டிச் சுலபத்தில் வெளியேறுவதில்லை. வெட்டவெளிப் புல்லிலோ போர்வையும் இல்லை, கூரையும் இல்லை. மேகமில்லாத இரவில் தரை ஜில்லிட்டு, பனி உறைந்து, விடியும்போது புல் நுனியெல்லாம் உப்பைத் தூவினாற்போல் வெளுத்துக் கிடக்கும். புல் அதைத் தாங்கிக் கொள்ளும். சோலை மரத்தின் பச்சைக் கன்று தாங்காது, கருகிவிடும்.

அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது அல்லவா? உலகம் சூடேறி வருகிறது என்கிறார்களே, நாளைக்கு அந்த உறைபனி இறங்காமலே போனால் என்ன ஆகும்? மரம் மேலே ஏறுமா? புல் என்ன ஆகும்? புல்லை நம்பியிருக்கும் வரையாடு என்ன ஆகும்? மலையிலிருந்து இறங்கி வரும் நம்முடைய தண்ணீர் என்ன ஆகும்?

இந்த மாதிரிக் கேள்விகளுக்கு விஞ்ஞானிகள் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பதில் தேடுகிறார்கள் என்று எங்கள் எதிர்வீட்டு மாமியிடம் சொன்னேன். அவர் முறத்திலிருந்து தலை நிமிராமலே, "காட்டுக்குக்கூடவா ஜாதகம் கணிக்கிறார்கள்? பலிக்குமோ?" என்று கேட்டார்.

கேள்வி என்னவோ வேடிக்கையாகத்தான் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அதைவிட நல்ல கேள்வி வேறு இல்லை. அந்தக் கணிதம் எப்படிப் போடப்படுகிறது, எவ்வளவு தூரம் நம்பலாம் என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

கல்லும் மண்ணும் எழுதிய டைரி

ஜாதகம் கணிக்கப் பிறந்த நேரம் வேண்டும். காட்டின் எதிர்காலத்தைக் கணிக்க அதன் பழைய கதை வேண்டும். நீலகிரியின் பழைய கதை அங்குள்ள சதுப்பு நிலங்களில் படிந்து கிடக்கிறது. செத்த இலையும் தண்டும் முழுவதும் மக்காமல், ஆயிரக் கணக்கான வருஷங்களாக அடுக்கடுக்காகப் படிந்த கறுப்பு மண் அது. மேலே இருப்பது சமீபத்தியது. ஆழத்தில் இருப்பது பழையது.

இந்த மண்ணைப் பார்த்து, அது புல்லிலிருந்து வந்ததா, மரத்திலிருந்து வந்ததா என்று சொல்லிவிட முடியும். எப்படித் தெரியுமா? கரியில் இரண்டு வகை உண்டு. ஒன்று சாதாரணக் கரி. இன்னொன்று அதன் இரட்டைப் பிறவி, ஆனால் எடை சற்று அதிகம். வெப்ப நாட்டுப் புற்களும், அவற்றோடு சோளமும் கரும்பும், காற்றிலிருந்து கரியை எடுக்கும்போது கனமான கரியை அவ்வளவாக ஒதுக்குவதில்லை. மரங்களும் நெல்லும் அதைக் கூடுதலாக ஒதுக்கிவிடுகின்றன. ஆகவே மண்ணில் கனமான கரி எவ்வளவு என்று அளந்தால், அந்த இடத்தில் புல் ஆண்டதா, மரம் ஆண்டதா என்பது தெரிந்துவிடும்.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஆர். சுகுமாரும் அவருடைய சகாக்களும் இப்படி அளந்து 1993-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, உலகத்தின் வடகோடியில் பனிப்பாளங்கள் பரவியிருந்த காலத்தில், நீலகிரி வறண்டிருந்தது, புல் ஓங்கியிருந்தது. பிறகு, சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பு, பருவ மழை வலுத்தது, மரங்கள் பெருகின. அப்புறம் மறுபடியும் வறட்சி, மறுபடியும் புல்.

இதிலிருந்து தெரிவது என்ன? அந்தக் கத்தரித்த எல்லை கல்வெட்டு அல்ல. சீதோஷ்ணம் மாறினால் அதுவும் மாறும். முன்பு மாறியிருக்கிறது. ஆனால் முன்பு நடந்த மாறுதல்கள் ஆயிரமாயிரம் ஆண்டுகளில் நடந்தவை. இப்போது நடப்பது நம் பாட்டி காலத்துக்கும் பேத்தி காலத்துக்கும் நடுவில் நடக்கிறது.

1958-இல் ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் என்ற விஞ்ஞானி காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 315 பங்கு கரியமில வாயு. இன்று அது 420-ஐத் தாண்டிவிட்டது. இத்தனையும் ஒருவர் பிறந்து பேரன் பேத்தி எடுப்பதற்குள்!

பேரேட்டில் வளர்ந்த காடு

சரி, கணக்குக்கு வருவோம். காட்டைக் கணக்கில் அடக்க முடியும் என்று முதலில் துணிந்து காட்டியவர்களில் முக்கியமானவர்கள் மூன்று அமெரிக்கர்கள். டேனியல் பாட்கின் காடுகளைப் படித்தவர். ஜேம்ஸ் ஜனாக், ஜேம்ஸ் வாலிஸ் இருவரும் ஐ.பி.எம். ஆராய்ச்சிசாலையில் வேலை பார்த்தவர்கள். நியூஹாம்ப்ஷயர் மாகாணத்தில் ஹப்பர்ட் புரூக் என்ற மலைக் காட்டை வைத்து 1972-இல் அவர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். அதற்கு 'ஜபோவா' என்று பெயர் வைத்தார்கள். ஏதோ செவ்விந்தியப் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். ஜனாக், பாட்கின், வாலிஸ் - மூவர் பெயரின் முதல் எழுத்துக்களைக் கோத்த பெயர். நம் வீட்டுக் குழந்தைக்கு இரண்டு பாட்டிகளின் பெயரையும் சேர்த்து வைக்கிறோமே, அந்த மாதிரி!

கணக்கு என்றதும் பயந்துவிட வேண்டாம். மாதாந்தர வீட்டுக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு பெரிய காட்டையே எடுத்துக் கொள்ளவில்லை அவர்கள். பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம் - ஒரு சின்னக் கல்யாணப் பந்தல் போடும் இடம். அதில் நிற்கும் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பற்று வரவு. என்ன ஜாதி மரம், எவ்வளவு பருமன், எவ்வளவு உயரம் என்பது கையிருப்பு. வருஷா வருஷம் அதற்கு எவ்வளவு வெளிச்சம் கிடைக்கும், எவ்வளவு உஷ்ணம், எவ்வளவு தண்ணீர் என்பது வரவு. பக்கத்தில் இருப்பது நெட்டை மரமானால் அது வெளிச்சத்தை மறைக்கும், வரவு குறையும். வரவு நன்றாக இருந்தால் மரம் அந்த ஜாதிக்கு உரிய அளவு பருக்கும். வரவு மோசமானால் வளர்ச்சி நிற்கும். நின்றுபோன மரம் சாவதற்கு அதிக வாய்ப்பு.

நன்றாக இருக்கும் மரமும் திடீரென்று சாவது உண்டு அல்லவா? புயலோ, இடியோ, பூச்சியோ! அதற்கும் கணக்கில் இடம் வைத்தார்கள். கம்ப்யூட்டர் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு மரத்துக்கும் சீட்டுக் குலுக்கிப் போடும். சீட்டு விழுந்த மரம் சாய்ந்துவிடும். சாய்ந்த இடத்தில் வெளிச்சம் விழும். அங்கே புதுக் கன்றுகள் போட்டியிடும். மறுபடியும் அடுத்த வருஷம். இப்படி நூறு, இருநூறு, முந்நூறு வருஷம். சீட்டு ஒரு தடவை ஒரு மாதிரி விழும் என்பதால், இதே மாதிரிப் பல கட்டங்களுக்குக் கணக்குப் போட்டுச் சராசரி பார்த்தார்கள்.

என்ன வந்தது தெரியுமா? வெட்டிப் போட்ட வெற்றிடத்தில் முதலில் காட்டுச் செர்ரி மரம் முளைத்து அவசர அவசரமாக வளர்ந்தது. சில பத்தாண்டுகளில் ஓய்ந்தது. அதன் பின்னால் பிர்ச் மரம் வந்தது. கடைசியில் மேப்பிளும் பீச்சும் நிழலில் பொறுமையாக வளர்ந்து காட்டைப் பிடித்துக் கொண்டன. உண்மையான காட்டிலும் இந்த வரிசைதான்! "முதலில் செர்ரி வர வேண்டும்" என்று யாரும் கம்ப்யூட்டருக்குச் சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு மரத்தின் குணத்தைத்தான் சொன்னார்கள். வரிசை தானாக வந்தது. இன்னொன்று: மலை உயர உயர உஷ்ணம் குறையுமல்லவா? கணக்கில் உஷ்ணத்தைக் குறைத்ததும் மேப்பிள் விலகி, குளிர்ப் பிரதேசத்து ஸ்புரூஸும் ஃபர்ரும் வந்து நின்றன. மலை மேலும் அப்படித்தான் இருக்கிறது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. உஷ்ணம் என்ற எண்ணைக் குறைக்க முடியுமானால் கூட்டவும் முடியும் அல்லவா? இன்று உலகத்துக் காடுகளுக்குக் கணிக்கப்படும் ஜாதகங்கள் பலவற்றுக்கு ஜபோவா ஒரு பாட்டி மாதிரி.

முதுமலையில் ஒரு ஜனத்தொகைக் கணக்கு

ஆனால் ஒரு மரத்தின் குணம் எப்படித் தெரியும்? அதைக் காட்டிலே போய், காலில் அட்டை கடிக்க, கொசு கடிக்க, ஒவ்வொன்றாக அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்காக நம் நீலகிரி ஜில்லாவிலேயே ஓர் இடம் இருக்கிறது. முதுமலைக் காட்டில் 1988-இல் சுகுமாரும் சகாக்களும் 50 ஹெக்டேர் நிலத்தை - ஒரு கிலோமீட்டர் நீளம், அரைக் கிலோமீட்டர் அகலம் - அளந்து எல்லை போட்டார்கள். அதற்குள் மார்பு உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் தடிப்பு உள்ள குச்சி முதற்கொண்டு ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்தார்கள். சுமார் 26,000 மரங்கள். ஏறக்குறைய 70 ஜாதிகள். தேக்கு, வெண்தேக்கு, கருமருது, வெக்காலி என்று எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு. யார் செத்தார், யார் புதிதாகப் பிறந்தார் என்று ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். நான்கு ஆண்டுகளுக்கு ஒரு தடவை எல்லா மரங்களின் சுற்றளவையும் அளக்கிறார்கள். யானையும் புலியும் உலவும் காடு. அளவு நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு வேலை செய்ய வேண்டும்.

அந்தப் பொறுமைக்குக் கிடைத்த பலன் கொஞ்சநஞ்சமல்ல. வெண்டை, செம்பருத்திக் குடும்பத்தைச் சேர்ந்த கைடியா என்ற மரம் யானைக்கு மிகவும் பிடிக்கும். முதல் கணக்கில் ஏராளமாக இருந்த அந்த மரம், யானை முறித்துத் தின்றதாலும் தீயாலும் சில ஆண்டுகளிலேயே அடியோடு குறைந்து போயிற்று. மழையையும் வெயிலையும் மட்டும் எழுதிக்கொண்டு, யானையை எழுத மறந்த கணக்கு முதுமலைக்குப் பொருந்தாது என்பது இதிலிருந்து தெரிந்தது.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. பத்தொன்பது ஆண்டுக் கணக்கை வைத்து 2010-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மழை பொய்த்த வருஷத்திலேயே மரங்கள் சாவதில்லை என்று கண்டார்கள். இரண்டு, மூன்று வருஷங்கள் கழித்துச் சாவு எண்ணிக்கை ஏறுகிறது. வேலை போன குடும்பம் மறுநாளே பட்டினி கிடப்பதில்லை, பாருங்கள். முதலில் சேமிப்பு கரையும். பிறகு வளையல் போகும். வெளியே தெரியும்போது வெகு நாளாகியிருக்கும். மரமும் அப்படித்தான். நல்ல மழை பெய்த வருஷத்தில் ஒரு மரம் பட்டுப் போவதைப் பார்த்து, "இதற்கு என்ன வந்தது?" என்று நாம் திகைக்கலாம். அதற்கு வந்தது என்றைக்கோ வந்துவிட்டது.

இரண்டு கணிதம், இரண்டு பலன்

தேசம் முழுவதற்கும் ஜாதகம் கணிப்பதானால் மரம் மரமாக எழுத முடியாது. அப்போது தேசத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மழை இவ்வளவு, உஷ்ணம் இவ்வளவு, மண் இப்படி. ஆகவே இங்கே பசுமை மாறாக் காடு இருக்கும், இங்கே இலையுதிர் காடு இருக்கும், இங்கே புதர் இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள்.

இந்திய விஞ்ஞானக் கழகத்தில் என்.எச். ரவீந்திரநாத்தும் சகாக்களும் இரண்டு தடவை இப்படிக் கணித்தார்கள். உலகம் இனி எவ்வளவு புகை கக்கும் என்பதற்கு இரண்டு அனுமானங்களை வைத்துக் கொண்டார்கள்: ஒன்று, அதிகப் புகை; இன்னொன்று, நடுத்தரப் புகை. 'பயோம்-4' என்ற கணக்கை வைத்து 2006-இல் வெளியிட்ட முடிவு: இந்த நூற்றாண்டின் இறுதிவாக்கில், அதிகப் புகையானால் நம் காட்டுக் கட்டங்களில் 77 சதவிகிதமும், நடுத்தரப் புகையானால் 68 சதவிகிதமும் வகை மாறக்கூடும். 'ஐபிஸ்' என்ற வேறொரு கணக்கை வைத்து 2011-இல் வெளியிட்ட முடிவு: 39 சதவிகிதமும் 34 சதவிகிதமும்.

"பார்த்தீர்களா! இரண்டு ஜோசியர், இரண்டு பலன்!" என்று மாமி கைகொட்டிச் சிரித்தார்.

சிரிக்க வேண்டியதுதான். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். இரண்டும் ஒரே கேள்விக்குப் பதில் அல்ல. உங்கள் வீட்டுக்காரருக்கு வேலை மாற்றல் ஆகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். "கடைசியில் எந்த ஊரில் குடியிருப்பீர்கள்?" என்று கேட்பது ஒன்று. "அடுத்த சித்திரையில் எந்த ஊரில் இருப்பீர்கள்?" என்று கேட்பது வேறு. சாமான் கட்ட வேண்டும். பள்ளிக்கூடப் பரீட்சை முடிய வேண்டும். வீடு கிடைக்க வேண்டும். முதல் கணக்கு, அந்த சீதோஷ்ணத்தில் காடு கடைசியாக எங்கே போய் நிற்கும் என்று பார்ப்பது. இரண்டாவது கணக்கு, நடுவழியில் மரம் வளர்வதையும் சாவதையும் வருஷா வருஷம் தொடர்ந்து போவது. காடு சாவகாசமாகத்தான் குடி மாறும்.

வகை மாறுவது என்றால் அழிந்து போவது என்று அர்த்தமல்ல என்பதையும் கவனியுங்கள். இலையுதிர் காடு இருந்த இடத்தின் சீதோஷ்ணம் வேறொரு காட்டுக்குப் பொருத்தமாகிவிடும் என்றுதான் அர்த்தம். அந்த வேறு காடு வந்து சேருமா என்பது தனிக் கேள்வி. விதை வர வேண்டுமே! நடுவில் சாலையும் தேயிலைத் தோட்டமும் ஊரும் இருந்தால், விதை எந்த பஸ் ஏறி வரும்?

அரிசி மட்டும் போதுமா?

2011-ஆம் ஆண்டுக் கணக்கில் இன்னொரு பலனும் வந்தது: நம் காடுகளின் வளர்ச்சி பொதுவாக அதிகரிக்கும் என்று. கரியமில வாயு இலைகளுக்கு உணவு. உணவு கூடினால் மரம் கொழுக்கும். காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. உண்மையா?

இதைச் சோதிக்கக் காட்டிலேயே குழாய் நட்டுக் கரியமில வாயுவை ஊதிப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வட கரோலினாவில், டியூக் பல்கலைக் கழகத்துக் காட்டில் 1996 முதல் 2010 வரை இளம் பைன் மரங்களுக்கு ஊதினார்கள். மரங்கள் வேகமாக வளர்ந்தன. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகருக்கு அருகே முதிர்ந்த யூகலிப்டஸ் காட்டுக்கு ஊதினார்கள். 2020-இல் முடிவு வெளியாயிற்று. இலைகள் சுமார் 12 சதவிகிதம் அதிகமாகக் கரியை உள்ளே இழுத்தன. ஆனால் மரம் பருக்கவே இல்லை! இழுத்ததில் பெரும் பகுதி மரத்தின் மூச்சாகவும் மண்ணின் மூச்சாகவும் காற்றுக்கே திரும்பிவிட்டது. காரணம், அந்த மண்ணில் பாஸ்பரச் சத்து குறைவு.

இதைச் சமையலறையில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. அரிசியை இரண்டு பங்காகப் போட்டுவிட்டு, உளுந்தைப் பழைய அளவே போட்டால் இட்லி இரண்டு பங்கு வருமா? கல் மாதிரிதான் வரும். கரியமில வாயு அரிசி. மண்ணின் சத்து உளுந்து. 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் உளுந்து முழுமையாகச் சேரவில்லை. இதைக் கணக்குப் போட்டவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஜாதகத்துக்கும் இந்தக் கணிதத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பலன் தப்பினால் இங்கே கிரகத்தின் மேல் பழி போடுவதில்லை. எந்த வரியில் தப்பு என்று தேடித் திருத்துகிறார்கள்.

மறுபடியும் நீலகிரிக்கு

இப்போது நாம் தொடங்கிய இடத்துக்கு வருவோம். உறைபனி குறைந்தால் சோலை மேலே ஏறுமா?

1995-இலேயே சுகுமாரும் சகாக்களும் ஓர் எச்சரிக்கை செய்தார்கள். உஷ்ணம் கூடி, உறைபனி குறைந்து, கரியமில வாயுவும் பெருகினால் புல்வெளிக்குள் மரங்கள் புகும். அயல் நாட்டு மரங்களும் அதில் சேரும். வரையாட்டுக்கு இடம் சுருங்கும் என்றார்கள்.

பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்தைச் சேர்ந்தவர்கள் இதை மலையிலேயே சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். புல்வெளியில் சோலை மரக் கன்றுகளையும் நட்டார்கள்; ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரத்தின் கன்றுகளையும் நட்டார்கள். சில கன்றுகளைச் சுற்றிக் கூரையில்லாத கண்ணாடிக் கூண்டு மாதிரி வைத்து உஷ்ணத்தைச் சற்றுக் கூட்டினார்கள். சோலைக் கன்றுகள் புல்வெளிக் குளிரில் பெரும்பாலும் மடிந்தன. சீகைக்கோ குளிர் பெரிய தடையாகவே இல்லை. உஷ்ணம் கூடிய இடத்தில் அதற்கு இன்னும் கொண்டாட்டம்.

ஆக, கதவு திறக்கும்போது உள்ளே முதலில் நுழையப் போகிறவர் வீட்டுப் பிள்ளை அல்ல. வாசலில் ஏற்கெனவே காத்திருக்கும் விருந்தாளி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்கும், பிறகு தோல் பதனிடும் பட்டைக்கும் என்று வெள்ளைக்காரர்கள் கொண்டு வந்த மரம் அது. சுதந்திரத்துக்குப் பிறகும் சர்க்கார் அதையும் யூகலிப்டஸையும் புல்வெளிகளில் ஏராளமாக நட்டது. "சும்மா கிடக்கும் புல்தானே" என்ற எண்ணம். பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் நடுவே புல்வெளியில் 66 சதவிகிதம் மறைந்துவிட்டது என்று செயற்கைக் கோள் படங்களை ஒப்பிட்டவர்கள் கண்டிருக்கிறார்கள்.

சும்மா கிடந்த புல் என்ன செய்துகொண்டிருந்தது? மழையை வாங்கி, மண்ணில் இறக்கி, கோடையிலும் ஓடையாகக் கசியவிட்டுக் கொண்டிருந்தது. நீலகிரியில் கிளென்மார்கன் என்ற இடத்தில் பக்கத்துப் பக்கத்துச் சரிவுகளில் ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றதில் பாதிக்குச் சற்று மேல் யூகலிப்டஸ் நட்டு அளந்தார்கள். முதல் பத்தாண்டில் நட்ட சரிவிலிருந்து வந்த தண்ணீர் சுமார் 16 சதவிகிதம் குறைந்தது. பைக்காராவில் மின்சாரமாகவும், பவானியில் வயலுக்கும் குழாய்க்குமாகவும் இறங்கி வருவது இந்த மலைத் தண்ணீர்தான். அடுப்பங்கரைக் குழாய்க்கும் அவலாஞ்சிப் புல்லுக்கும் உள்ள உறவு இதுதான்.

புல்வெளியின் சொந்தக்காரர் வரையாடு, தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 ஆடுகள் இருந்தன. ஒரு நடுத்தரக் கல்யாணத்துக்கு வரும் கூட்டம் அவ்வளவே! மரம் மூடினால் அவை வேறு எங்கே போகும்? மலை உச்சிக்கு மேலே மலை இல்லை.

பரிகாரம் உண்டா?

ஜாதகம் பார்த்தவர் தோஷம் சொன்னால் நாம் உடனே கேட்பது பரிகாரம் என்ன என்றுதான். இந்த ஜாதகத்திலும் பரிகாரம் உண்டு. இன்னும் சொல்லப் போனால், பரிகாரத்துக்காகவே கணிக்கப்பட்ட ஜாதகம் இது.

39 சதவிகிதம், 34 சதவிகிதம் என்று இரண்டு எண்கள் சொன்னேனே, அவற்றை மறுபடி பாருங்கள். இரண்டுக்கும் நடுவே இருப்பது கிரக சஞ்சாரம் அல்ல. மனிதர்கள் கக்கும் புகை. அது ஒரு பரிகாரம்; உலகம் முழுவதும் சேர்ந்து செய்ய வேண்டியது.

மலையிலேயே செய்யக் கூடியதும் உண்டு. 2022-இல் தமிழ்நாடு சர்க்கார், ஆக்கிரமிக்கும் அயல் செடிகளை அகற்றுவதற்கு ஒரு கொள்கையே வகுத்தது. ஆனால் கோடரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவதும் சரியல்ல. சில இடங்களில் பழைய சீகைத் தோப்பின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தலை தூக்கியிருக்கின்றன. அங்கே வெட்டினால் வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து அடி விழும். புல்வெளிக்குள் இப்போதுதான் நுழையும் இளங்கன்றுகளை முதலில் பிடுங்குவதே புத்திசாலித்தனம். எங்கே தொட வேண்டும், எங்கே விட வேண்டும் என்பதைச் சொல்லவும் கணக்குத்தான் உதவுகிறது.

நாம் செய்யக் கூடியது ஒன்றும் இல்லையா? உண்டு. மரம் நடுவது புண்ணியம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அது பொய்யில்லை. ஆனால் எல்லா இடத்திலும் அது புண்ணியமாகிவிடாது. அடுத்த முறை மலைக்குப் போகும்போது, பஸ்ஸில் யாராவது, "இவ்வளவு இடம் சும்மா மொட்டையாகக் கிடக்கிறதே, மரம் நடக்கூடாதா?" என்றால், மெதுவாகச் சொல்லுங்கள்: அது மொட்டை அல்ல, அதுதான் மலையின் தலைமுடி.

மூணாறு, கொடைக்கானல் பக்கத்துப் புல்வெளிகளில் 2018-இல் நீலக்குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை என்பது அதன் கணக்கு, அடுத்தது 2030. இதை மாமியிடம் சொன்னேன். முறத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "குறிஞ்சி தன் கணக்கில் தப்பாது. அது பூக்கப் புல்லும் பூமியும் விட்டு வைப்பது நம் கணக்கு, இல்லையா?" என்றார்.

இதற்கு மேல் நான் எழுத என்ன இருக்கிறது?